ராணுவ டெண்டர் டிராயிங்கை ரேட் கேட்க ஊருக்கு அனுப்பலாமா?

டேட்டன்_வேலன்

எல்லோருக்கும் வணக்கம். நானும் நண்பர் ஒருவரும் சேர்ந்து ஒஹையோவில் டேட்டனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மெஷின் ஷாப்பை வாங்கி நடத்துகிறோம். மூன்று சிஎன்சி மில், இரண்டு லேத், பாகங்களை அளந்து பார்க்க ஒரு சிஎம்எம். இரண்டு பேரும் அமெரிக்கக் குடிமக்கள். இதுவரை கார் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் மட்டும்தான். அதில் ஆர்டர் குறைந்துகொண்டே வருவதால் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தளவாடப் பிரிவான டிஎல்ஏ விடும் டெண்டர்களைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறோம்.

அவர்களுடைய டிப்ஸ் தளத்தில் ஒரு விமான பிராக்கெட் கண்ணில் பட்டது. எங்கள் மெஷினில் தாராளமாக ஓட்டலாம். ஏஎம்எஸ்சி கோடு 'ஜி' என்று போட்டிருக்கிறது. அதாவது டிராயிங்கின் முழு உரிமையும் அரசிடம் இருக்கிறது, புதிதாக வருபவரும் போட்டியிடலாம். ஆனால் டிராயிங்கைத் திறக்கப் போனால் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது என்று சொல்லி நிறுத்திவிடுகிறது. நான் எதையும் ஏற்றுமதி செய்யப்போவதில்லையே! செய்யப்போவது ஒஹையோவில், கொடுக்கப்போவது அமெரிக்க அரசுக்கு.

என் கேள்விகள் இவை. டிராயிங்கைப் பார்க்க என்ன வழி? இந்த பாகத்துக்கு கேஸ்டிங் தேவைப்பட்டால் கோவையில் ஃபவுண்டரி வைத்திருக்கும் என் மச்சானிடம் ரேட் மட்டும் கேட்கலாமா? சிஎன்சி மெஷின்களுக்குப் புரோகிராம் எழுதும் எங்கள் கேம் (CAM) புரோகிராமர் எச்1பி விசாவில் இருக்கிறார், அவர் இந்த வேலையைத் தொடலாமா? கடைசியாக, இப்போது எல்லா டிராயிங்கும் கூகுள் டிரைவில்தான் இருக்கிறது, இதையும் அங்கேயே போடலாமா?

டொராண்டோ_அக்கா

வேலன், முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். நான் கனடாவில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஏற்றுமதிக் கட்டுப்பாடு பார்க்கிறவள்.

உங்களுக்கு முதலில் வேண்டியது ஜேசிபி சான்றிதழ். 1985-இல் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து ஏற்படுத்திய கூட்டுச் சான்றளிப்புத் திட்டம் அது. ரகசியம் என்று முத்திரை குத்தாத, ஆனால் ஊருக்கெல்லாம் காட்டவும் முடியாத ராணுவத் தொழில்நுட்பத் தகவலை யாரிடம் கொடுக்கலாம் என்பதற்கான வடிகட்டி. டிடி 2345 என்ற படிவத்தை நிரப்பி மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் கிரீக்கில் இருக்கும் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. கிடைத்தால் 5 வருடத்துக்குச் செல்லும். இந்த இரண்டு நாட்டுக் கம்பெனிகளுக்கு மட்டும்தான் கிடைக்கும்.

படிவம் சின்னதுதான், அதை நம்பி அவசரப்பட்டு நிரப்பாதீர்கள். அரசு ஒப்பந்ததாரர்கள் பதிவு செய்யும் சாம் தளத்தில் உங்கள் பதிவு உயிரோடு இருக்க வேண்டும், கம்பெனிக்கான அடையாள எண்ணான கேஜ் கோடு இருக்க வேண்டும், இரண்டிலும் கம்பெனிப் பெயரும் முகவரியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். டிராயிங்குக்குப் பொறுப்பாளர் என்று ஒருவர் பெயரைக் கொடுக்க வேண்டும். உங்கள் தொழில் என்ன, இந்தத் தகவல் எதற்கு என்று கேட்கும் கட்டத்தில் 'இயந்திர வேலை' என்று இரண்டு சொல்லில் முடித்தால் திரும்பி வந்துவிடும். என்னென்ன மெஷின், எந்த வகைப் பாகங்கள், யாருக்குக் கொடுக்க உத்தேசம் என்று எழுதுங்கள்.

அது வந்தவுடன் டிஎல்ஏ டிராயிங் திறந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு டிராயிங்குக்கு அவர்கள் தனியாக ஒரு பயிற்சி வைத்திருக்கிறார்கள். அதை முடித்து, அவர்களுடைய கேள்விப் பட்டியலையும் நிரப்பிக் கொடுத்த பிறகுதான் அனுமதி. ஆகவே டெண்டர் முடியப் பத்து நாள் இருக்கும்போது விண்ணப்பித்துப் பயனில்லை. இந்த பிராக்கெட்டை மறந்துவிட்டு அடுத்து வருவதற்குத் தயாராகுங்கள்.

பழைய_இன்ஸ்பெக்டர்

அக்கா சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். ஜேசிபி என்பது டிராயிங்கைப் *பெறுவதற்கான* தகுதி. அதை இன்னொருவருக்கு *கொடுப்பதற்கான* லைசென்ஸ் அல்ல. சான்றிதழ் வந்துவிட்டது, இனி நம் சப்ளையர்களுக்கு அனுப்பலாம் என்று நினைக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வேலன் தம்பி, "நான் எதையும் ஏற்றுமதி செய்யப்போவதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் வழுக்கி விழும் இடம் இதுதான். பொருள் கப்பலேறினால்தான் ஏற்றுமதி என்று நம் மனதில் பதிந்திருக்கிறது. ராணுவப் பொருள்களுக்கான ஐட்டார் விதிப்படி டிராயிங்கே ஏற்றுமதிப் பொருள். மின்னஞ்சலில் வெளிநாட்டுக்கு அனுப்பினால் ஏற்றுமதி. ஒஹையோவில் உங்கள் ஷாப்புக்குள்ளேயே ஒரு வெளிநாட்டுக் குடிமகனுக்குத் திரையில் காட்டினாலும் ஏற்றுமதி. ஆர்டர் கிடைத்ததா, பணம் கைமாறியதா என்பதெல்லாம் கணக்கிலேயே இல்லை.

நான் பார்த்தவரை ஆபத்து உற்பத்தியில் இல்லை, கொட்டேஷனில் இருக்கிறது. ஆர்டர் கிடைத்த பிறகு வக்கீல், ஒப்பந்தம், தரப் பிரிவு என்று பத்துப் பேர் பார்ப்பார்கள். ரேட் கேட்கும் கட்டத்தில் பர்ச்சேஸில் இருக்கும் ஒரு பையன் ஐந்து சப்ளையர்களுக்கு ஒரே மின்னஞ்சலில் பிடிஎஃப்பை இணைத்துத் தட்டிவிடுவான். நாளை மாலைக்குள் விலை வேண்டும், அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும்.

இது சின்னக் கம்பெனிகளின் நோய் மட்டுமில்லை. ஹனிவெல் 2021-இல் அமெரிக்க வெளியுறவுத் துறையுடன் 1.3 கோடி டாலருக்கு உடன்பாடு செய்தது. விஷயம் என்ன தெரியுமா? எஃப்-35, பி-1பி, எஃப்-22 போன்றவற்றின் பாகங்களைக் காட்டும் 71 டிராயிங்குகள், கொட்டேஷன் கேட்கும்போது சீனா, தைவான், மெக்சிகோ, கனடா, அயர்லாந்து சப்ளையர்களுக்குப் போயிருந்தன. 2023-இல் 3டி சிஸ்டம்ஸ் கம்பெனியும் அதே மாதிரி மாட்டியது. நாசாவுக்கும் பாதுகாப்புத் துறைக்கும் உரிய டிசைன்கள் அதன் துணை நிறுவனம் வழியாக சீனாவுக்குப் போயின, அதுவும் ரேட் வாங்குவதற்காக. வெளியுறவு, வணிகம், நீதி ஆகிய மூன்று துறைகளுக்கும் சேர்த்து சுமார் 2.7 கோடி டாலர்.

இந்தியா தொடர்பான வழக்கும் உண்டு. நியூ ஜெர்சியில் இரண்டு சின்னக் கம்பெனிகள் நடத்திய ஒருவர் டிஎல்ஏ மாதிரி இடங்களில் ஆர்டர் எடுத்து, இந்தியாவில் இருந்த கூட்டாளியிடம் செய்து வாங்கினார். டிராயிங்கை அனுப்ப அவர் கண்டுபிடித்த வழி, தான் தன்னார்வலராகப் பராமரித்து வந்த ஒரு தேவாலய வலைத்தளத்தின் கடவுச்சொல் போட்ட பகுதி. ஆயிரக்கணக்கான டிராயிங்குகளை அங்கே ஏற்றிவைக்க, கூட்டாளி அங்கிருந்து இறக்கிக்கொண்டார். தேவாலயத்துக்கு விஷயமே தெரியாது. அணு நீர்மூழ்கிக் கப்பலின் டார்பிடோ அமைப்பு, தாக்குதல் ஹெலிகாப்டர், எஃப்-15 ஆகியவற்றின் பாகங்கள் அவற்றில் இருந்தன. எஃப்-15 இறக்கைக்குக் கொடுத்த பாகம் சரியில்லாமல் போய் சுமார் 47 விமானங்களைத் தரையிறக்கிச் சோதித்த பிறகுதான் மொத்த விவகாரமும் பெரிதானது. 2016-இல் 57 மாதச் சிறை. அவரும் "அமெரிக்க அரசுக்குத்தானே செய்து கொடுக்கிறோம்" என்றுதான் ஆரம்பித்திருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

சும்மா_கேட்டேன்

அண்ணே, பயமுறுத்துகிறீர்களே. ஒரு பிராக்கெட்டுக்கு இவ்வளவா? டைட்டில் பிளாக்கை வெட்டிவிட்டு, எச்சரிக்கை வாசகத்தை அழித்துவிட்டு, வெறும் அளவுகளை மட்டும் புதிதாகக் கணினியில், கேடில் (CAD) வரைந்து அனுப்பினால் அது வேலன் வரைந்த டிராயிங்தானே? நிறையப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என்கிரிப்ஷன் வேறு இருக்கிறது.

பழைய_இன்ஸ்பெக்டர்

தம்பி, நிறையப் பேர் செய்கிறார்கள் என்பது உண்மை. மேலே சொன்ன வழக்குகளும் அந்த நிறையப் பேரிலிருந்து வந்தவைதான்.

சட்டம் காகிதத்தைக் கட்டுப்படுத்தவில்லை, தகவலைக் கட்டுப்படுத்துகிறது. அந்தப் பாகத்தை வடிவமைக்க, செய்ய, பழுதுபார்க்கத் தேவையான விவரம் எந்த உருவத்தில் இருந்தாலும் அது தொழில்நுட்பத் தகவல்தான். திரும்ப வரைந்த கேட் மாடல், அதிலிருந்து மெஷினுக்காக எடுத்த ஜி-கோடு, ஃபிக்ஸ்சர் டிராயிங், முதல் பீஸ் இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட், போனில் வாசித்துச் சொன்ன டாலரன்ஸ், எல்லாம் அதில் அடங்கும். எச்சரிக்கை வாசகத்தை அழித்தால் கூடுதலாக ஒன்று நடக்கும்: தெரியாமல் செய்தேன் என்று சொல்லும் வாய்ப்பையும் உங்கள் கையாலேயே அழித்துவிடுகிறீர்கள். தெரிந்து செய்தால் கிரிமினல் வழக்கு. ஒரு மீறலுக்கு 20 வருடம் வரை சிறை, 10 லட்சம் டாலர் வரை அபராதம்.

என்கிரிப்ஷன் விஷயத்தில் பாதி உண்மை இருக்கிறது. 2020 மார்ச்சிலிருந்து ஐட்டாரில் ஒரு விலக்கு உண்டு. முனையிலிருந்து முனை வரை ஃபிப்ஸ் என்ற அமெரிக்க அரசின் என்கிரிப்ஷன் தரத்தில் பூட்டி அனுப்பினால், வழியில் எந்த நாட்டு சர்வரைத் தொட்டாலும் அதை ஏற்றுமதி என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சீனா, ரஷ்யா போன்ற சில நாடுகளில் சேமித்து வைக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. ஆனால் அது வழியில் இருக்கும்போது மட்டும்தான். மறுமுனையில் மச்சான் திறந்து பார்த்த நொடியில் அது ஏற்றுமதி.

கோவை_கேஸ்டிங்

நான் அந்த மச்சான் இடத்தில் இருக்கிறவன் (வேலனுக்கு மச்சான் இல்லைங்க!). கணபதி பக்கம் ஃபவுண்டரி, கூடவே மெஷினிங். எங்கள் பக்கத்து நிலைமையையும் கொஞ்சம் கேளுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் ஒரு டிரேடர், பெயர் வேண்டாம், ராத்திரி 11 மணிக்கு ஒரு ஜிப் ஃபைல் அனுப்புவார். உள்ளே 30, 40 டிராயிங் இருக்கும். காலையில் ரேட் வேண்டும். போன மாதம் அப்படி வந்ததைத் திறந்தால் நாலாவது டிராயிங்கில் கட்டம் கட்டி ஆங்கிலத்தில் ஏதோ எச்சரிக்கை. என் மகன் படித்துப் பார்த்து, அப்பா இது ஆயுத ஏற்றுமதிச் சட்டம் என்கிறான், இதைத் தொடலாமா என்றான். டிரேடருக்குப் போன் செய்தால், அதெல்லாம் பழைய டிராயிங், அந்த வாசகம் எல்லாவற்றிலும் இருக்கும், நீங்கள் ரேட் போடுங்கள் என்றார். நான் அந்த ஒன்றை விட்டுவிட்டு மற்றதுக்கு ரேட் போட்டேன். சரியா? அந்த ஃபைலை என்ன செய்வது? எனக்குக் கீழே பேட்டர்ன் செய்கிறவர், ஹீட் ட்ரீட்மென்ட் செய்கிறவர் என்று நாலு இடத்துக்கு டிராயிங் போகும், அதனால்தான் கேட்கிறேன்.

பழைய_இன்ஸ்பெக்டர்

அய்யா, உங்கள் மகன் கெட்டிக்காரர். டிரேடர் சொன்னது தவறு, அந்த வாசகம் எல்லா டிராயிங்கிலும் இருக்காது. அதற்கு மேலேயோ கீழேயோ விநியோக வாசகம் என்று ஒன்று இருக்கும், ஆங்கில எழுத்தில் ஏ முதல் எஃப் வரை. ஏ என்றால் பொதுமக்களுக்கே திறந்தது, யாரும் பார்க்கலாம். டி என்றால் பாதுகாப்புத் துறைக்கும் அதன் அமெரிக்க ஒப்பந்ததாரர்களுக்கும் மட்டும். சி என்றால் அமெரிக்க அரசுத் துறைகளுக்கும் அவற்றின் ஒப்பந்ததாரர்களுக்கும். பியும் இ-யும் அரசுக்கு உள்ளேயே சுற்றுவதற்கு. ஏற்றுமதி எச்சரிக்கையோடு 'டி' போட்ட டிராயிங் உங்கள் மேசைக்கு முறையான லைசென்ஸ் இல்லாமல் வந்திருக்கிறது என்றால் தவறு அனுப்பியவருடையது. ஆனால் நீங்கள் அதை அடுத்தவருக்குத் தள்ளினால் அந்தத் தவறில் உங்களுக்கும் பங்கு வந்துவிடும். அமெரிக்கா இதில் வெளிநாட்டுக்காரர்கள் மீதும் நடவடிக்கை எடுக்கும், குறைந்தபட்சம் இனி அவர்களோடு யாரும் வியாபாரம் செய்யக்கூடாது என்று தடை போட முடியும்.

யாருக்கும் அனுப்பாதீர்கள், பிரின்ட் எடுக்காதீர்கள். இந்த டிராயிங்குக்கு லைசென்ஸ் எண் என்ன என்று டிரேடரிடம் எழுத்தில் கேளுங்கள். போனில் வேண்டாம். இல்லை என்றால் அழிக்கட்டுமா, திருப்பி அனுப்பட்டுமா என்று அவரே எழுத்தில் சொல்லட்டும்.

டொராண்டோ_அக்கா

கோவைக்காரருக்கு முறையான வழியும் இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்தியாவுக்குக் கதவே இல்லை என்று ஆகிவிடும்.

அமெரிக்கக் கம்பெனி டிஎஸ்பி-5 என்ற லைசென்ஸ் வாங்கலாம். டிராயிங்கைப் பார்த்து அப்படியே செய்து அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பும் வேலைக்கு, பெரிய உற்பத்தி ஒப்பந்த அனுமதிக்குப் பதிலாக இதுவே போதும் என்று விதியில் தனிப் பிரிவு இருக்கிறது. நிபந்தனைகளை பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுத வேண்டும்: இந்த ஆர்டருக்கு மட்டும் டிராயிங்கைப் பயன்படுத்தலாம், வேறு யாருக்கும் தரக்கூடாது, உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர்களும் இதே நிபந்தனைக்குக் கட்டுப்பட வேண்டும், முடிந்ததும் அழிக்க அல்லது திருப்பித் தர வேண்டும், பொருள் அமெரிக்காவுக்கு மட்டுமே போக வேண்டும். பேட்டர்ன் செய்கிறவரும் ஹீட் ட்ரீட்மென்ட்காரரும் இதற்குள் வந்துவிடுவார்கள்.

பாதுகாப்புத் துறையே எழுத்தில் கொட்டேஷன் கேட்டால் லைசென்ஸ் இல்லாமல் டிராயிங்கைக் காட்ட ஒரு விலக்கும் உண்டு. ஆனால் அது நேட்டோ நாடுகள், ஆஸ்திரேலியா, ஜப்பான், ஸ்வீடன் ஆகியவற்றுக்கு. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை.

எல்லா ராணுவப் பாகமும் ஐட்டாரில் வராது என்பதும் முக்கியம். 2013-இல் நடந்த சீர்திருத்தத்துக்குப் பிறகு பிராக்கெட், பைப், ஃபிட்டிங் மாதிரியான எத்தனையோ சில்லறைப் பாகங்கள் வெளியுறவுத் துறைப் பட்டியலிலிருந்து வணிகத் துறையின் ஈஏஆர் பட்டியலுக்கு, அதில் ராணுவப் பாகங்களுக்கான 600 வரிசைக்கு, மாறிவிட்டன. அதற்கும் இந்தியாவுக்குப் பொதுவாக லைசென்ஸ் வேண்டும். 2018-இல் இந்தியாவை எஸ்டிஏ என்ற சலுகை நாட்டு வரிசையில் சேர்த்தார்கள், ஆனால் 600 வரிசைக்கு அதைப் பயன்படுத்த நிறைய நிபந்தனை. எந்தப் பட்டியல் என்று டிராயிங்கில் தெளிவாக எழுதியிருக்காது. வகைப்படுத்துவது நம் தலையில்தான்.

டேட்டன்_வேலன்

அப்போது டிஎஸ்பி-5 போட்டு மச்சானிடமே கேஸ்டிங் வாங்கிவிடலாம் போலிருக்கிறதே?

டொராண்டோ_அக்கா

அவசரப்படாதீர்கள். டிஎஸ்பி-5 கேட்க நீங்கள் முதலில் ஐட்டாரைக் கவனிக்கும் வெளியுறவுத் துறைப் பிரிவான டிடிடிசி-யில் பதிவு செய்திருக்க வேண்டும். ராணுவப் பொருள் தயாரிக்கிற யாரும், ஒன்றும் ஏற்றுமதி செய்யாவிட்டாலும், பதிவு செய்தே ஆக வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து வருடத்துக்கு 3,000 டாலர். உங்கள் பிராக்கெட் ஐட்டாரா ஈஏஆரா என்பதைப் பொறுத்தே இது தேவையா என்று சொல்ல முடியும்.

அதைவிடப் பெரிய சிக்கல் உலோகம். பாதுகாப்புத் துறை ஒப்பந்தங்களில் சிறப்பு உலோக விதி ஒன்று இருக்கிறது. விமானப் பாகத்தில் அலாய் ஸ்டீல், டைட்டானியம், நிக்கல் அலாய் மாதிரி இருந்தால் அது அமெரிக்காவிலோ, தகுதி பெற்ற நட்பு நாடுகளிலோ உருக்கியதாக இருக்க வேண்டும். அந்த நாட்டுப் பட்டியலிலும் இந்தியா இல்லை. டிராயிங் போக அனுமதி வாங்கிவிடுவீர்கள், கேஸ்டிங் திரும்பி வந்ததும் டிஎல்ஏ எடுக்காது. லைசென்ஸுக்கு வக்கீலுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் டெண்டரில் இந்த விதி இருக்கிறதா என்று பாருங்கள்.

கேம்_புரோகிராமர்

வேலன் சார் கேட்ட மூன்றாவது கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் எச்1பி. வேறு மாநிலத்தில் வேறு ஷாப். எங்களிடம் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு வேலை வந்தால் ஷாப்பின் ஒரு மூலையில் திரைச்சீலை போட்டுவிடுவார்கள். நான் அந்தப் பக்கம் போகக்கூடாது. எட்டு வருடமாக 5-ஆக்சிஸ் ஓட்டுகிறேன், பக்கத்து மெஷினில் என்ன ஓடுகிறது என்று கேட்கக்கூட முடியாது. கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் முதலாளி மேல் தப்பு இல்லை.

எல்லோருக்கும் தெரியாத ஒன்று சொல்கிறேன். உங்கள் எச்1பி மனுவான ஐ-129 படிவத்தின் 6-ஆவது பகுதியைப் பாருங்கள். இந்த ஊழியருக்குக் கட்டுப்பாட்டுத் தொழில்நுட்பத்தைக் காட்ட லைசென்ஸ் தேவையா, தேவையில்லையா என்று முதலாளி கையெழுத்துப் போட்டுச் சொல்லியிருப்பார். 2011-லிருந்து அந்தக் கேள்வி இருக்கிறது. வேலன் சார் 'தேவையில்லை' என்று டிக் செய்த பிறகு ராணுவ வேலை எடுத்தால், அந்த ஊழியரிடம் டிராயிங் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது சாரின் பொறுப்பு.

பழைய_இன்ஸ்பெக்டர்

மிகச் சரியான குறிப்பு. கிரீன் கார்டு வந்த நாளிலிருந்து இந்தத் தம்பி சட்டப்படி 'அமெரிக்க நபர்', திரைச்சீலையை விலக்கலாம். அகதியாக, அடைக்கலம் பெற்றவராக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களும் அப்படித்தான். எச்1பி ஊழியருக்காகவும் டிஎஸ்பி-5 கேட்கலாம், இந்தியக் குடிமகன் என்றால் இந்தியாவுக்கு ஏற்றுமதி செய்வதாகவே பரிசீலிப்பார்கள்.

வேலன், மறுபக்கத்தையும் கவனியுங்கள். இதையெல்லாம் கேட்டுவிட்டு 'குடிமக்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்' என்று வேலை விளம்பரம் போட்டுவிடாதீர்கள். ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டி, வேலைக்கு வந்த கிரீன் கார்டுக்காரர்களிடம் தேவையில்லாத ஆவணம் கேட்டதற்காக ஜெனரல் மோட்டார்ஸ் 2023-இல் நீதித் துறைக்கு 3,65,000 டாலர் கட்டியது.

ரெட்மண்ட்_ராஜா

நாலாவது கேள்வி என் துறை. சாதாரண கூகுள் டிரைவில் போடாதீர்கள். சர்வர் எந்த நாட்டில், நிர்வாகம் பார்ப்பவர் எந்த நாட்டுக்காரர் என்று அதில் உங்களுக்கு உத்தரவாதம் இல்லை. இந்த டிராயிங்குகள் சியுஐ என்ற வகையில் வரும், ரகசியம் அல்ல, ஆனால் கட்டுப்படுத்தப்பட்டது. ஒப்பந்தம் கைக்கு வந்தால் பாதுகாப்புத் துறையின் கணினிப் பாதுகாப்பு விதியான 7012 வந்து உட்காரும்: அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட 800-171-இன் 110 தேவைகள், கணினியில் அத்துமீறல் நடந்தால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது, மேகத்தில் (கிளவுட்) வைத்தால் அந்தச் சேவைக்கு அரசின் ஃபெட்ராம்ப் மாடரேட் தரம். 2025 நவம்பர் 10 முதல், இவற்றைப் பின்பற்றுகிறீர்களா என்று மதிப்பிடும் சிஎம்எம்சி விதியும் படிப்படியாக டெண்டர்களில் நுழைகிறது. இந்த மாதிரி டிராயிங்குக்கு நிலை 2 கேட்பார்கள் என்று எதிர்பாருங்கள்.

டெண்டர் கட்டத்தில் ஒப்பந்தமே இல்லையே, 7012 எங்களைப் பிணைக்காது என்று சிலர் வாதாடுவார்கள். இருக்கட்டும். ஐட்டார் டெண்டர் கட்டம், ஒப்பந்தக் கட்டம் என்று பார்ப்பதில்லை.

மாதம் இரண்டு மூன்று டிராயிங்தான் என்றால் மைக்ரோசாஃப்டின் ஜிசிசி ஹை மாதிரி விலையுயர்ந்த கிளவுட் சேவையில் முதல் நாளே விழாதீர்கள். தனி அறையில் ஒரு கணினி, பூட்டிய டிஸ்க், இரண்டு பேருக்கு மட்டும் கடவுச்சொல், மெஷினுக்கு புரோகிராம் கொண்டுபோக ஒரே ஒரு என்கிரிப்ட் செய்த யுஎஸ்பி. அதிலும் 800-171 பொருந்தும், ஆனால் எல்லை சின்னதாக இருக்கும், சமாளிக்கலாம்.

இன்னொன்று. உங்கள் ஐடி சப்போர்ட் யார்? நம்மவர்களில் பலர் சென்னையில் ஒரு சின்ன டீமுக்கு மாதச் சம்பளம் கொடுத்து ரிமோட்டில் பார்க்க வைத்திருக்கிறார்கள். அட்மின் கடவுச்சொல் அவர்களிடம் இருக்கும். பிரின்டர் ஓடவில்லை என்று டீம்வியூவரில் உள்ளே வருபவர் திரையில் டிராயிங் திறந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

சும்மா_கேட்டேன்

எல்லாம் சரி. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ளுங்கள். 1960-களில் வரைந்த ஒரு வாஷர் டிராயிங்குக்குக்கூட இந்த எச்சரிக்கை இருக்கிறது. அந்த விமானமே மியூசியத்தில் நிற்கிறது. பயத்தில் எல்லாவற்றுக்கும் முத்திரை குத்திவிட்டு, பிறகு டெண்டருக்கு ஆள் வரவில்லை என்று புலம்புவதும் அவர்கள்தானே?

பழைய_இன்ஸ்பெக்டர்

இதில் தம்பி பக்கம் நியாயம் இருக்கிறது. அளவுக்கு மீறி முத்திரை குத்துவது உண்மை. குத்தாமல் விட்டால் அதிகாரிக்கு வம்பு, குத்தினால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வாசகத்தை மாற்றும் அதிகாரம் அந்த டிராயிங்குக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கு மட்டும்தான், ஒப்பந்த அதிகாரிக்குக்கூட இல்லை. நியாயமாகத் தோன்றவில்லை என்றால் ஒப்பந்த அதிகாரிக்கு எழுதி மறுபரிசீலனை கேட்கலாம். நடக்கும், மெதுவாக. அந்த டெண்டர் முடிவதற்குள் நடந்து நான் பார்த்ததில்லை.

பெயர்_வேண்டாம்

ஒரு சந்தேகம். எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் இப்படி ஏற்கெனவே நாலைந்து டிராயிங் இந்தியாவுக்குப் போய்விட்டது. ஆர்டர் எதுவும் ஆகவில்லை. மின்னஞ்சலை அழித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம் என்கிறார்கள். என்ன செய்வது?

பழைய_இன்ஸ்பெக்டர்

அழிக்கச் சொல்லும் ஆளிடமிருந்து முதலில் விலகி நில்லுங்கள். டிராயிங்கை அனுப்பியது பெரும்பாலும் அபராதத்தோடு முடியும், சில சமயம் எச்சரிக்கைக் கடிதத்தோடுகூட. ஆதாரத்தை அழித்தால் அது தனிக் குற்றம்.

தானாக முன்வந்து தெரிவிக்கும் முறை ஒன்று இருக்கிறது. ஐட்டார் என்றால் டிடிடிசி-க்கு முதலில் ஒரு சுருக்கமான கடிதம், அதிலிருந்து 60 நாளுக்குள் முழு விவரம்: எந்த டிராயிங், யாருக்கு, எப்போது, திரும்ப நடக்காமல் என்ன செய்தீர்கள். ஹனிவெல்லும் தானே முன்வந்துதான் தெரிவித்தது. அபராதம் கட்டினார்கள், ஆனால் தொழிலில் இருக்கிறார்கள். போனது சீனா போன்ற தடை நாட்டுக்கு என்றால் சொல்லலாமா என்று யோசிக்கும் உரிமையே இல்லை, உடனே தெரிவித்தாக வேண்டும். இந்தத் துறை தெரிந்த வக்கீலை வைத்து எழுதுங்கள், இங்கே கேட்டு எழுதாதீர்கள்.

டேட்டன்_வேலன்

சில மாதம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி.

டிடி 2345 முதல் தடவை திரும்பி வந்தது. சாம் பதிவில் 'யூனிட் பி' என்று இருந்தது, படிவத்தில் நான் அதை எழுதவில்லை. டொராண்டோ அக்கா சொன்னதை இரண்டு தடவை படித்திருந்தும் முகவரியை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. திருத்தி அனுப்பினேன், வந்துவிட்டது. பயிற்சியும் கேள்விப் பட்டியலும் முடிந்து இப்போது டிராயிங் திறக்கிறது. ராஜா சொன்னபடி பழைய ஸ்டோர் ரூமில் ஒரு கணினி, கதவுக்குத் தனிப் பூட்டு. புரோகிராமரிடம் உட்கார்ந்து பேசினேன். அவர் கார் வேலைகளைப் பார்க்கிறார், ராணுவ வேலைக்கு நானே கேம் எழுதுகிறேன், மெதுவாக.

ஒரு வால்வு கவருக்குக் கொட்டேஷன் போட்டோம். கிடைக்கவில்லை, வேறொருவர் எங்களைவிட விலை குறைத்துவிட்டார். இப்போது அந்த டிராயிங்கை என்ன செய்ய வேண்டும்?

டொராண்டோ_அக்கா

அழித்துவிடுங்கள். அடுத்த முறை அதே பாகம் வரும், வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும், வேண்டாம். வரும்போது திருத்தப்பட்ட பதிப்பாகத்தான் வரும், திரும்ப இறக்கிக்கொள்ளலாம். காகிதம் என்றால் பொடியாக்கும் ஷ்ரெடர், நீள நீளமாக வெட்டுவது போதாது. ரேட் போடும்போது எடுத்த கேட் மாடல், மெட்டீரியல் கணக்குப் போட்ட எக்செல், பிளேட்டிங் கடைக்கு அனுப்பிய பக்கம், எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். என்றைக்கு, யார், எதை அழித்தார் என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

பிளேட்டிங் கடைக்கு அனுப்பினீர்களா? அவர்கள் யார் என்று கேட்டீர்களா?

டேட்டன்_வேலன்

கேட்டேன் அக்கா. அவர்களிடமும் ஜேசிபி இருக்கிறது, எண்ணை வாங்கி வைத்துக்கொண்டுதான் அனுப்பினேன். அவர்கள் பக்கம் அழித்துவிட்டதாக இன்று எழுதி வாங்கிவிடுகிறேன்.

அப்புறம், மச்சானுக்கும் ஒரு வேலை கிடைத்தது. விநியோக வாசகம் ஏ போட்ட ஒரு டிராயிங், தரையில் வைக்கும் ஸ்டாண்டுக்கான அடிப்பலகை, சாதாரண வார்ப்பிரும்பு. சிறப்பு உலோக விதியும் அந்த டெண்டரில் இல்லை, வெளிநாட்டுப் பொருளுக்கும் தடை இல்லை என்று ஒப்பந்த அதிகாரியிடம் எழுதிக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். நேற்றுதான் ரேட் வந்தது. கப்பல் வாடகையைச் சேர்த்தால் இங்கே இண்டியானாவில் வாங்குவதைவிடக் கொஞ்சம் அதிகமாகிறது, பேட்டர்ன் செலவைப் பிரித்துப் போடச் சொல்லியிருக்கிறேன்.